உடைத்த பருப்பு முளைத்த பாட்டு

முத்திருளாயி பாடின முதல் பாட்டு வெளியான வெள்ளிக்கிழமை காலையில் தனுஷ்கோடி அண்ணாச்சி மில்லில் துவரம்பருப்பு முளைத்தது. துவரை முளைத்திருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள், துவரையின் வேலையே அதுதான். இது பருப்பு, எண்ணெய் தடவி, களத்தில் காயப்போட்டு, மெஷினில் கொடுத்துத் தோலை உரித்து, இரண்டாக உடைத்து, முளைக்கிற மூக்கெல்லாம் உதிர்ந்து தவிட்டோடு மாட்டுத்தொட்டிக்குப் போன பிறகு, சலித்து மூட்டையாகத் தைத்து அடுக்கியது. அப்படி அடுக்கின மூட்டைகளின் சணல் கண்களுக்குள்ளிருந்து வெயிலையே பார்த்திராத வெளிர்மஞ்சள் தண்டுகள் ஆயிரக்கணக்கில் தலையை நீட்டி, கல்யாண வீட்டில் பந்திக்கு இடம் பார்க்கிறவர்களைப் போல் இப்படியும் அப்படியும் வளைந்து பார்த்துக்கொண்டு நின்றன.

சலிக்கிற பெண்களில் ஒருத்திதான் போனில் பாட்டைப் போட்டு ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்திருந்தாள். தங்களோடு உட்கார்ந்து தூசி குடிக்கிறவளின் பாட்டு உலகத்துக்கே கேட்கிற மாதிரி வந்திருக்கிறது, அதை அவளையே பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிற சந்தோஷத்தில் ஒருத்தியும் சல்லடையைக் கவனிக்கவில்லை. முத்திருளாயியோ வெட்கத்தில் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு, தலையைக் குனிந்து, சலித்த பருப்பையே திரும்பத் திரும்பச் சலித்துக்கொண்டிருந்தாள். அதனால் முளையை முதலில் பார்த்தது அண்ணாச்சிதான்.

"எந்தப் புண்ணியவதி சாக்குல தண்ணியக் கொட்டுனது?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் ஒரு மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டார். உள்ளே பொட்டு ஈரம் இல்லை, காய்ந்து கலகலவென்று கிடந்தது. கையை எடுத்து முகர்ந்து பார்த்தார், பாட்டைக் கொஞ்ச நேரம் கேட்டார், முத்திருளாயியைப் பார்த்தார், பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு திரும்பி வந்தார். அவர் மில்லுக்குள் செருப்பில்லாமல் நடந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"முளைப்பாரிப் பாட்டா தாயி இது?"

"ஆமா அண்ணாச்சி. எங்கூரு மந்தையம்மனுக்குப் பாடுறது."

"அப்பச் சரி" என்று அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டார். "முளைப்பாரிப் பாட்டுக்கு முளைக்காம வேற எதுக்கு முளைக்கும்? மத்தியானத்துக்குள்ள லோடு ஏறணும், வேலையப் பாருங்க."

முத்திருளாயியின் ஊர் விருதுநகருக்குத் தெற்கே இருக்கிற மேலக்கண்மாய்ப்பட்டி. அங்கே மந்தையம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டின அன்றைக்கு ஒரு வீட்டை அடைத்து, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, வெளிச்சம் துளிகூடப் புகாத இருட்டுக்குள் மண்சட்டிகளில் பயறு வகைகளை ஊறவைத்துப் போட்டு முளைப்பாரி வளர்ப்பார்கள். பொழுது சாய்ந்ததும் பெண்கள் கூடி அந்தச் சட்டிகளைச் சுற்றிச் சுற்றிக் கும்மி கொட்டிப் பாடுவார்கள். பாட்டைக் கேட்டுத்தான் பயறு வளரும், தண்ணீர் சும்மா துணைக்குத்தான். காப்பு அவிழ்க்கிற வரைக்கும் ஊரில் கறி கிடையாது, கல்யாணம் கிடையாது, எல்லையைத் தாண்டிப் போய் ராத்தங்கல் கிடையாது. கடைசி நாள் முளைப்பாரியைத் தலையில் சுமந்து போய்க் கண்மாயில் கரைத்து, அம்மனை அனுப்பிவைத்து, காப்பை அவிழ்ப்பார்கள். மறுநாள் கறிக்கடையில் நிற்க இடம் இருக்காது.

வளர்க்கிற பாட்டு வேறு, கரைக்கிற பாட்டு வேறு. வளர்க்கிற பாட்டை ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், இன்னொருத்தி வாங்கிப் பாடுவாள். கரைக்கிற பாட்டை மட்டும் வாங்கிப் பாடினவள்தான் பாட வேண்டும், எடுத்துக் கொடுத்தவள் அப்போது வாயே திறக்கக் கூடாது. வளர்த்தவளுக்குக் கரைக்க மனசு வராது, வராத மனசோடு பாடினால் அம்மன் தண்ணீருக்குள் இறங்காமல் கரையிலேயே நின்றுவிடுவாள் என்று அந்த ஊர்ப் பெண்கள் காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள்.

எடுத்துக் கொடுக்கிறவள் முத்திருளாயி. வாங்கிப் பாடுகிறவள் எதிர்வீட்டுக் குருவம்மா, முத்திருளாயியின் புருஷனுக்கு அக்கா, அவள் வாய்க்கு மதினி. நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே மில்லில் வேலை பார்த்து, ஒரே தட்டில் சோறு தின்று, ஒரு பாட்டை ஆளுக்குப் பாதியாகப் பாடிக்கொண்டு அலைவதைப் பார்த்து ஊரே மூக்கில் விரலை வைத்தது. விடியக்காலையில் தெருவில் நின்று, "ஏ இருளாயி, எந்திரி!" என்று குருவம்மா கொடுக்கிற ஒரு குரலில் முத்திருளாயி மட்டுமல்ல, தெருவில் உள்ள கோழி, நாய், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லாமே எழுந்து உட்கார்ந்துவிடும். லாரி ஓட்டுகிற புருஷன் மாதத்தில் பாதி நாள் வடக்கே கிடப்பான். முத்திருளாயிக்கு அந்தக் குரல்தான் ஆள்துணை.

அப்படிப்பட்ட குருவம்மாவுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி வந்தது. மதுரைக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. முன்னமே சொல்லித்தான் கத்தி வைத்தார்கள், யாரையும் குறை சொல்வதற்கில்லை. அதற்குப் பிறகு விடியக்காலையில் குருவம்மா தெருவில் நின்று கையைத் தட்டினாள். பொங்கலுக்குக் கரைக்கிற பாட்டுப் பாட ஆளில்லாமல் அம்மனிடம் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெறும் குலவையோடு கரைத்தார்கள். 

இந்த வருஷ மந்தையம்மன் பொங்கலுக்குத்தான் மதுரையிலிருந்து செல்வின் வந்தான். நாட்டுப்புறப் பாட்டுகளைத் தேடிப் பதிவு செய்து 'கிளிமூக்கு ஆடியோஸ்' என்ற பெயரில் வெளியிடுகிறவன். சாக்குத் தொங்கவிட்ட முளைப்பாரி வீட்டைப் பார்த்ததும், "நாங்க மதுரையில தலைகீழா நின்னு ஸ்டூடியோ கட்டுறோம், இங்க அம்மனுக்கே கட்டி வச்சிருக்கீங்களே" என்று சொல்லி அந்த இருட்டுக்குள்ளேயே மைக்கை வைத்தான். முத்திருளாயி கண்ணை மூடிப் பாடினாள்.

"இருட்டுக்குள்ள ஒறங்குறவளே, எந்திரிம்மா எந்திரி..."

ஒரு அடி பாடிவிட்டு நிறுத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்து கும்மித் தாளம் தட்டிக்கொண்டிருந்த குருவம்மா, "ஊரு ஒன்னத் தேடுதம்மா, வெரசாக எந்திரி" என்று வாங்கிப் பாடினாள். உதடு மட்டும்தான் அசைந்தது. அது முடிகிற வரைக்கும் காத்திருந்து முத்திருளாயி அடுத்த அடியை எடுத்தாள்.

"அக்கா, நடுவுல நடுவுல எடம் காலியா விழுதே" என்றான் செல்வின்.

"காலி இல்ல தம்பி. அது எங்க மதினி பாடுற எடம்."

செல்வின் குருவம்மாவைப் பார்த்தான், புடவைத் தலைப்பால் மூடியிருந்த கழுத்துத் தழும்பைப் பார்த்தான். பிறகு பாட்டுக்கு உறுமியும் பம்பையும் சேர்த்தபோதும் அந்த இடங்களில் எதையும் வைக்காமல் அப்படியே விட்டான். அந்தப் பாட்டில் முத்திருளாயி வழக்கத்தில் இல்லாத ஒரு அடியையும் அன்றைக்குச் சேர்த்துவிட்டாள். மைக் முன்னால் மதினியின் சத்தமில்லாத வாயைப் பார்க்கப் பார்க்கத் தாங்க மாட்டாமல் அது தானாக வந்து விழுந்தது: "ஒடஞ்சிருந்தா என்ன தாயி, நீயும் ஒரு வெதைதானே."

"கரைக்கிற பாட்டையும் பாடிருங்கக்கா, முழுசா இருக்கும்" என்று செல்வின் கேட்டபோது கூடியிருந்த பெண்கள் அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் கரைக்கிற பாட்டா? போகிறவள் எங்கே போவாள்? அதைப் பாட வேண்டியவளுக்குக் குரலும் இல்லை. ஆகவே அந்தப் பாட்டு வளர்க்கிற பாதியோடு மட்டும் ஊரை விட்டுக் கிளம்பியது. பக்தியில் செய்த தப்புதான், ஆனாலும் தப்பு.

அது போன வேகம் செல்வினுக்கே பிடிபடவில்லை. காரணம் அந்தக் காலியான இடங்கள்தான். பாட்டைக் கேட்கிறவர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு அடி முடிந்து சத்தம் நின்றதும், மினிபஸ் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் குச்சி அடுக்கியபடியே, துபாயில் பத்துப் பேர் ஒரு அறையில் படுத்துக் கிடக்கிற பையன்கள் கூரையைப் பார்த்தபடியே, தங்களை அறியாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமலே வாயைத் திறந்து, "எந்திரி, வெரசாக எந்திரி" என்று வாங்கிப் பாடினார்கள். யாரோ தங்களிடம் பாட்டைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போலவும், பதில் சொல்லாமல் போனால் பாவம் என்பது போலவும் அவர்களுக்குத் தோன்றியது. சிங்கப்பூரில் பாடினார்கள், சிவகாசியில் பாடினார்கள், ஆடி மாதக் கோயில்களில் ஒலிபெருக்கி கட்டிப் பாடினார்கள். பாடின இடமெல்லாம் பருப்பு முளைத்தது.

துவரம்பருப்பு முளைத்தது, பாசிப்பருப்பு முளைத்தது, இட்லிக்கு அரைத்த உளுந்து முளைத்து மாவு வாளியின் மூடியை ஒரு பக்கமாகத் தூக்கிவிட்டு எட்டிப் பார்த்தது. பொரிகடலை, நெருப்பில் வறுபட்டதையே மறந்துவிட்டு, மளிகைக்கடைக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் முளைத்தது. டீக்கடையில் பாட்டுப் போட்ட ஒரு காலையில் எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்து வைத்த உளுந்த வடைகளின் ஓட்டை வழியாக ஒவ்வொரு முளை தலையை நீட்ட, வடை தின்ன வந்த பெரியவர் அதைக் கும்பிட்டு வைத்துவிட்டு டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார். விவசாயக் கல்லூரியிலிருந்து நாலு பேர் வந்து பருப்பைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தார்கள். நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, போகும்போது தங்கள் வீட்டுக்கு என்று ஆளுக்கு ஒரு கிண்ணம் முளையைக் கையில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

முளைத்ததை என்ன செய்வது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. முளைப்பாரிப் பாட்டுக்கு முளைத்தது முளைப்பாரி. அதைக் குப்பையில் கொட்ட முடியாது, குழம்பில் போட முடியாது. வீடுகளில் சட்டியில், குக்கரில், பிளாஸ்டிக் குடத்தில், பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் எடுத்து வைத்து, பீரோவுக்குப் பின்னால் இருட்டான இடம் பார்த்து உட்கார்த்தி, தண்ணீர் தெளித்து வந்தார்கள். வீட்டில் முளைப்பாரி இருந்தால் காப்புக் கட்டினதாகத்தானே அர்த்தம்? அதனால் கறி சமைப்பதை நிறுத்தினார்கள். ஆட்டுக்கிடாய்கள் கறிக்கடை வாசலிலேயே படுத்து அசைபோட்டன. வெளியூர் போனவர்கள் பொழுது இறங்குமுன் அடித்துப் பிடித்து வீடு திரும்பினார்கள். கல்யாணங்கள் தள்ளிப்போயின. இதையெல்லாம் ஒருவரும் தொந்தரவாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலங்களில் தெருவெல்லாம் ஊறின பயறின் வாசம் பரவி, இருட்டு மூலைகளில் வெளிர்மஞ்சள் வெளிச்சம் போல் எதுவோ நின்றுகொண்டிருக்க, ஜனங்கள் தங்கள் வீட்டுக்குள்ளேயே குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள். அந்த நாட்களில் புருஷன் பெண்டாட்டிச் சண்டைகூடக் குசுகுசுவென்றுதான் நடந்தது.

முத்திருளாயியைப் பார்க்கக் கார் போட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அவள் மில்லிலிருந்து வந்த கோலத்தோடு, தலையில் பருப்புத் தூசியோடு நின்று கும்பிட்டு அனுப்பினாள். அவளுக்கு அந்தச் சந்தோஷமெல்லாம் இரண்டாம் பட்சமாகிவிட்டிருந்தது. அவள் கவனமெல்லாம் ஒரே இடத்தில் இருந்தது.

ஆடிக் கடைசியில் ஒரு காலை, குருவம்மா வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். ரோட்டில் போன மினிபஸ்ஸில் பாட்டு ஓடியது. ஒரு அடி முடிந்து சத்தம் நின்ற இடத்தில் குருவம்மாவின் கழுத்துக்குள்ளிருந்து 'ம்' என்று கொசு பறக்கிற அளவுக்கு ஒரு ஓசை வந்தது. குருவம்மா கையிலிருந்த சட்டியைக் கீழே விட்டாள். எதிர்வீட்டிலிருந்து ஓடிவந்த முத்திருளாயி அவளுடைய தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லி, போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தாள். மூச்சில் ஊறவைத்த பயறின் வாசம் அடித்தது. தொண்டையின் அடி இருட்டில், கத்தி பட்ட இடத்தில், எள்ளளவு வெளிர்மஞ்சளாக ஒன்று நின்றிருந்தது.

முத்திருளாயி அங்கேயே மண்ணில் உட்கார்ந்து குருவம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். உலகத்தில் எங்கெங்கோ முகம் தெரியாத ஜனங்கள் வாயைத் திறந்து வாங்கிப் பாடப் பாட, ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சமாக மதினியின் குரல் வளர்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் போனைக் கீழே வைக்கவே இல்லை; கேட்டவர் கேட்காதவர் எல்லாருக்கும் பாட்டை அனுப்பினாள், செல்வினைக் கூப்பிட்டு, "இன்னும் நெறையப் பேரு கேக்க வழி இருக்கா தம்பி?" என்று நச்சரித்தாள். மூத்த பாடகிகளுக்கே இல்லாத ஆசை இந்தப் புதுப் பாடகிக்கு இருக்கிறதே என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஆவணி போனது. புரட்டாசி போனது. குருவம்மாவின் 'ம்' எழுத்தானது, எழுத்து சொல்லானது. அதே நேரத்தில் ஊர்களில் பருப்பு இல்லாமல் போனது. சாம்பார் என்பது பேச்சில் மட்டும் இருந்தது. கைக்குழந்தைகளுக்குப் பிசைந்து ஊட்டப் பருப்புச்சோறு இல்லை. உடைக்கிறதெல்லாம் முளைக்கிறபோது மில் எதற்கு என்று அண்ணாச்சி மெஷினை நிறுத்தினார், பெண்கள் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்கள். பாட்டை இனி யாரும் போட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். போன் நின்றது, வாய் நிற்கவில்லை, தூக்கத்திலும் வாங்கிப் பாடினார்கள். மேலக்கண்மாய்ப்பட்டிப் பெண்கள் வெறும் குலவை போட்டுக் கரைத்துப் பார்த்தார்கள், கரைத்த இடத்தில் தண்ணீருக்கு மேலே முளைகள் எழுந்து நின்று கரையையே பார்த்தன. ஐப்பசி பிறந்தபோது புழுங்கல் அரிசியும் மூக்கு விடத் தொடங்கியது.

அண்ணாச்சி முத்திருளாயியின் வீட்டுக்கு வந்தார். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"தாயி, ஒம் பாட்டப் பத்தி ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். நானும் வாங்கிப் பாடுனவந்தான். ஆனா அம்மா வந்து ரொம்ப நாளாச்சு. வந்தவள அனுப்பி வைக்காம இருக்கதும் மரியாதை இல்ல. எம் மகளுக்கு ஆவணியில முகூர்த்தம் வச்சிருந்தேன், அது கெடக்கட்டும். அரிசியும் முளைச்சிட்டா ஊரு எதத் திங்கும்?"

"இன்னும் கொஞ்ச நாளு பொறுங்க அண்ணாச்சி."

"எதுக்குன்னு சொல்லு, பொறுக்கேன்."

முத்திருளாயி சொல்லவில்லை. சொன்னால் அவர் நல்ல மனுஷர், பொறுத்துக்கொள்வார், ஊரைப் பட்டினி போட்டுக்கொண்டாவது பொறுக்கச் சொல்வார். அதனாலேயே சொல்ல முடியவில்லை. கரைக்கிற பாட்டைப் பாடினால் அந்தப் பாட்டுக்கு முளைத்தது அத்தனையும் கரையும், மதினியின் தொண்டையில் இருப்பதும் அந்தப் பாட்டுக்கு முளைத்ததுதான். அதைப் பாட உலகத்தில் உரிமை உள்ள ஒரே ஆளும் மதினிதான். அண்ணாச்சி போன பிறகு சோற்றுப் பானையின் முன்னால் உட்கார்ந்து அரிசியில் விட்டிருந்த மூக்குகளைப் பார்த்தபடி அவள், அம்மா தாயே, இந்த ஒன்றை மட்டும் எனக்கு விட்டுக்கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இருளாயி."

மூன்று வருஷமாக அந்தப் பழைய கனத்தோடு கேட்காத குரல் வாசலில் நின்றது. முத்திருளாயி திரும்பிப் பார்த்தாள். குருவம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி பேசினதையெல்லாம் எதிர்வீட்டிலிருந்து கேட்டிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"மதினி! வந்திருச்சா, முழுசா வந்திருச்சா? இன்னொருக்காக் கூப்பிடுங்க மதினி."

"இருளாயி" என்றாள் குருவம்மா மறுபடியும், சிரித்துக்கொண்டே. "போதுமா? சரி, கெளம்பு. ஊருக்குச் சொல்லி விடு. கம்மாய்க்குப் போவோம்."

"மாட்டேன். நான் வர மாட்டேன். நீங்களும் போகக் கூடாது."

"கூறுகெட்டவளே, பச்சப்பிள்ளைக்குப் பருப்புச்சோறு இல்ல. அந்த மனுசன் மகளுக்குக் கல்யாணம் நடக்கல."

"நடக்கட்டுமே, யாரு வேண்டாங்கா? எனக்கு எங்க மதினி வேணும். எத்தனை நாளு ஒங்க கைதட்டலக் கேட்டு எந்திரிச்சு அடுப்படியில போயி அழுதேன் தெரியுமா? ஒலகமே பாடி வளத்த கொரலு இது. இதக் கொண்டுபோயித் தண்ணியில விடுவீகளா?"

குருவம்மா உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அரிசி புடைத்ததில் அவள் தலையில் ஒட்டியிருந்த உமியை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

"ஒலகம் எதுக்குப் பாடுது? நீ எடுத்துக் குடுத்த பாட்டு வாங்க ஆளில்லாம அந்தரத்துல நிக்குதுன்னுதானே பாடுது? நான் வாங்காம விட்டதத்தான் அவுக வாங்குறாக. எம் வேலைய ஊரு செய்யுது, எனக்கு வெக்கமா இருக்கு. வளத்தவளுக்கு மனசு வராதுன்னுதானே கரைக்க வேற ஒருத்திய வச்சிருக்கு? நீ அழுகுறது சரிதான், அழு. நான் பாடுறதும் சரிதான்."

முத்திருளாயி முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, ஊருக்குச் சொல்லி விட எழுந்தாள்.

ஐப்பசி மழைக்கு நிறைந்து தளும்பிக்கொண்டிருந்த கண்மாய்க்கரையில் மறுநாள் சாயங்காலம் ஜனம் கூடியது. பக்கத்து ஊர்களிலிருந்து, விருதுநகரிலிருந்து, மதுரையிலிருந்து, வேன் பிடித்து, டிராக்டர் பிடித்து, தலையில் சட்டியும் குக்கரும் குடமும் டிபன் பாக்ஸும் சுமந்து வந்தார்கள். இருட்டில் வளர்ந்த முளைகள் வாழ்நாளில் முதல் தடவையாக வெயிலைப் பார்த்து, மஞ்சள் வெயிலில் மஞ்சளாக, கரை நீளத்துக்கும் அசைந்துகொண்டிருந்தன. செல்வின் வந்திருந்தான், மைக் கொண்டுவரவில்லை, போனையும் அணைத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். அண்ணாச்சி கடைசி மூட்டையைத் தானே தோளில் சுமந்து வந்திருந்தார். முத்திருளாயி முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு கரையில் நின்றாள்.

குருவம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். கழுத்தை மூடியிருந்த தலைப்பை எடுத்து இடுப்பில் செருகினாள். தழும்பில் வெயில் விழுந்தது. பாடினாள்.

"போய் வாம்மா போய் வா, தண்ணிக்குள்ள போய் வா,
வளத்த கையி தேடுமின்னு திரும்பாம போய் வா..."

அந்தக் குரலைக் கேட்டவர்கள் இன்றைக்கும் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கையைத்தான் விரிக்கிறார்கள். துபாயில், சிங்கப்பூரில், மினிபஸ்ஸில், தீப்பெட்டி ஆபீஸில், சத்தம் நின்ற இடத்தில் பாடின அத்தனை பேருடைய குரலும் அதற்குள் இருந்தது. கரையில் நின்றவர்கள் தங்கள் தங்கள் குரலை அதற்குள் அடையாளம் கண்டு, தங்களுக்கு இவ்வளவு நல்ல குரலா என்று திகைத்து நின்றார்கள். கண்மாயில் அலை நின்றது. நாரைகள் நின்ற காலை மாற்றாமல் நின்றன. முளைகள் ஒவ்வொன்றாகத் தலையைச் சாய்த்தன, கரையிலிருந்து தண்ணீர்வரைக்கும் வரிசையாகச் சாய்ந்தன, அந்த நேரத்திலேயே கடல் தாண்டி இருந்த அறைகளிலும் பீரோவுக்குப் பின்னால் இருந்த முளைகள் சாய்ந்து, கிண்ணத்தில் காய்ந்த பருப்பு மறுபடியும் வெறும் பருப்பாகவே கிடந்ததை அங்கே இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

பாட்டு போகப் போகக் குருவம்மாவின் குரல் மெலிந்தது. தண்ணீரில் வெல்லம் கரைவது கண்ணுக்குத் தெரிவது போல் அது கரைவது காதுக்குத் தெரிந்தது. "மறுவருசம் வரும்போது" என்று எடுத்தாள், "மறக்காம பேர் சொல்லு" என்கிற இடத்தில் உதடு மட்டும்தான் அசைந்தது. கரையில் இருந்த ஒருவருக்கும் அந்தக் கடைசி அடி கேட்கவில்லை. முத்திருளாயி மட்டும், மூன்று வருஷமாக அந்த உதட்டைப் படித்துப் பழகினவள், அதைக் கேட்டாள்.

பெண்கள் குலவை போட்டார்கள். காப்பை அவிழ்த்தார்கள். மறுநாள் கறிக்கடையில் நெரிசலில் இரண்டு பேருக்குச் செருப்பு தொலைந்தது. கார்த்திகையில் அண்ணாச்சி மகள் கல்யாணத்தில் சாம்பாரை இலைக்கு மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றார்கள். மில் மறுபடியும் ஓடியது. விடியக்காலையில் குருவம்மா தெருவில் நின்று கையைத் தட்டினாள், முத்திருளாயி எழுந்து பின்னால் போனாள். அந்தப் பாட்டை அவள் காதால் கேட்க மாட்டேன் என்று வைத்திருந்தாள். யாராவது போட்டால் எழுந்து களத்துக்குப் போய்விடுவாள்.

மார்கழியில் ஒரு நாள், சலிக்கிற பெண்களில் அந்த முதல் நாள் போட்டவளே, இப்போது பருப்பு முளைக்கிறதா பார்ப்போம் என்று விளையாட்டாகப் பாட்டைப் போட்டாள். பருப்பு முளைக்கவில்லை. "எந்திரிம்மா எந்திரி" என்று அடி முடிந்து சத்தம் நின்றது. எழுந்து வெளியே போக இருந்த முத்திருளாயி பாதியில் நின்றாள்.

"ஊரு ஒன்னத் தேடுதம்மா, வெரசாக எந்திரி" என்று பாட்டு வாங்கிப் பாடியது.

சல்லடைகள் நின்றன. அண்ணாச்சி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். காலியாக விழுந்த இடமெல்லாம் நிறைந்து, குருவம்மாவின் குரல், கட்டி வருவதற்கு முன்னால் தெருவையே எழுப்பின குரல், ஒவ்வொரு அடியாக வாங்கிக்கொண்டு கூடவே வந்தது. "ஒடஞ்சிருந்தா என்ன தாயி, நீயும் ஒரு வெதைதானே" என்ற அடிக்கும் பதில் வந்தது. குருவம்மா சல்லடையை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, தன்னையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முத்திருளாயி அவள் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

செல்வின் போன் செய்து, "அக்கா, சத்தியமா நான் கை வைக்கலக்கா" என்றான். உலகத்தில் அந்தப் பாட்டு இருந்த போன்களிலெல்லாம் அப்படித்தான் ஆகியிருந்தது. இதுவரை வாங்கிப் பாடின ஜனங்கள் இப்போது வாயை மூடிக்கொண்டு கேட்கத் தொடங்கினார்கள். முதலிலிருந்தே இரண்டு பேர்தான் பாடியிருந்தார்கள் என்று பாதிப் பேர் சொன்னார்கள், இல்லை என்று பாதிப் பேர் சொன்னார்கள், டீக்கடைகளில் அதற்கு ஒரு முடிவும் ஏற்படவில்லை. முத்திருளாயியைக் கேட்டால் முதலிலிருந்தே இரண்டு பேர்தான் என்பாள்.

குருவம்மா இப்போது கையைத் தட்டுவதில்லை. விடியக்காலையில் தெருவில் வந்து நின்று, போனில் பாட்டைப் போட்டு, சரியாக அந்த இடத்துக்கு நகர்த்தி, எதிர்வீட்டுக் கதவுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். "வெரசாக எந்திரி" என்று அவள் குரல் தெருவுக்கே கேட்கும், கோழியும் நாயும் எழுந்துவிடும். முத்திருளாயி அதற்கு வெகு முன்னாலேயே விழித்துத்தான் கிடப்பாள். ஆனாலும் மதினி இரண்டாவது தடவை கூப்பிடட்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு எழாமல் கிடப்பாள்.